காணிக்கையும் வழிச்செலவும்

ஐரோப்பாக் கண்டத்தின் புராதன நகரங்களைக் கண்டு வரவேண்டும் என்ற ஆசையோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் புறப்பட்ட பிரயாணியின் கைப்பையில், உடுப்புக்கும் மருந்துக்கும் அடுத்தபடியாக, சிவப்பு அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம் பெரும்பாலும் இருந்தது. கோப்லென்ஸ் நகரத்துப் புத்தக வியாபாரியான கார்ல் பேடெக்கர் தொடங்கிவைத்த அந்த வரிசை நூல்களில், எந்த விடுதியில் அறை வாடகை என்ன, குதிரை வண்டிக்காரனுக்குக் கூலி எவ்வளவு, பழைய மாதாகோயிலைத் திறந்து காட்டுகிறவனுக்கு எவ்வளவு இனாம் கொடுத்தால் போதும் என்பது வரையில் அச்சிட்டிருக்கும். அதைப் புரட்டிப் பார்த்து, ரோமாபுரிக்கோ வெனிஸ் நகரத்துக்கோ போய் வருவதற்கு ஆகக்கூடிய செலவை எவரும் தம் வீட்டு மேஜையருகில் உட்கார்ந்தபடியே கணக்கிட்டுவிடலாம். அதே காலத்தில் வட ஆர்க்காட்டுச் சீமையிலோ, செங்கற்பட்டுச் சீமையிலோ இருந்துகொண்டு, திருப்பதிக்குப் போய் வரவேண்டும் என்று எண்ணிய ஒரு குடியானவரிடம் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றும் கிடையாது. அவர் வீட்டுப் பூஜை மாடத்தில் மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்திய ஒரு துணி இருந்தது. அந்தத் துணியில் முடிந்த காசு இருந்தது. யாத்திரைச் செலவைப் பற்றி நம்மவர்கள் எண்ணிய முறையின் சரித்திரம் அந்தத் துணியிலிருந்தே தொடங்குகிறது.

குழந்தைக்குக் கடுஞ்சுரம் கண்டாலும், வெட்டிய கிணற்றில் ஊற்றுக் காணாமல் போனாலும், பெண்ணுக்கு வரன் அமையாமல் தட்டிக்கொண்டே போனாலும், வீட்டின் மூத்தவள் குளித்து முழுகி, ஒரு காசை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, பெருமாள் படத்தின் முன்னால் வைத்து, “ஏழுமலையானே, உன் சந்நிதிக்கு வந்து செலுத்துகிறேன்” என்று வேண்டிக்கொள்வாள். அந்த க்ஷணத்திலிருந்து அந்தக் காசு வீட்டுக் கணக்கை விட்டு விலகிச் சுவாமியின் கணக்கில் சேர்ந்துவிடும். அறுவடை முடிந்து நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கு, மாடு ஈன்று பால் கறந்தால் ஒரு காசு, வழக்கு ஜெயித்தால் அதற்கொன்று என்று முடிச்சு ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே வரும். பஞ்சம் வந்தாலும் அதை அவிழ்ப்பது பாபம். அவிழ்க்கவே நேர்ந்தால், எடுத்ததை வட்டியோடு திருப்பி வைக்கவேண்டும். வியாபாரிகளோ இன்னும் ஒருபடி மேலே போனார்கள்: பெட்டியடியில் ஓர் உண்டியலை வைத்ததோடு நில்லாமல், கூட்டாளிகளில் ஒருவராகவே வேங்கடாசலபதியைக் கணக்குப் புத்தகத்தில் சேர்த்து, வருஷ முடிவில் லாபத்தில் அவர் பங்கைத் தனியே பற்று எழுதி எடுத்து வைத்தவர்கள் உண்டு. வங்கியில் போட்ட பணத்தை வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்பதே வங்கியின் சிறப்பு. எடுக்கவே கூடாது என்பது இந்தச் சேமிப்பின் சிறப்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த முடிச்சில் இருந்தது காணிக்கைப் பணம். அது மலையேறி உண்டியலில் விழுவதற்கு உரியதே தவிர, வண்டிக் கூலிக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் உரியதன்று. பேடெக்கர் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கிட்ட பிரயாணி முதலில் போக்குவரத்துச் செலவையும், பிறகு தங்கும் செலவையும், அதற்கும் பிறகு மிஞ்சியதைக் கொண்டு கேளிக்கைக்கும் தர்மத்துக்கும் ஆவதையும் எழுதினான். நம் குடியானவர் வீட்டிலோ கணக்கு தலைகீழாக இருந்தது: முதலில் சுவாமிக்குக் கொடுக்கவேண்டியது நிச்சயமாகிவிடும், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி பிறகுதான் எழும்.

கடவுளே கடனாளி என்று சொல்லும் ஸ்தலத்தில் கணக்கு இப்படி அமைந்ததில் வியப்பில்லை. நாராயணவனத்தில் ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணந்துகொள்ள எண்ணிய ஸ்ரீநிவாசன், கல்யாணச் செலவுக்குக் கையில் காசில்லாமல் குபேரனிடம் பதினான்கு லட்சம் நிஷ்கம் கடன் வாங்கினான் என்றும், பிரம்மாவும் சிவனும் அரசமரமும் சாட்சி நிற்கப் பத்திரம் எழுதிக் கொடுத்தான் என்றும், கலியுகம் முழுவதும் வட்டி கட்டி யுக முடிவில் முதலைத் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டான் என்றும் ஸ்தல புராணம் கூறுகிறது. பக்தர்கள் செலுத்தும் காணிக்கையெல்லாம் அந்த வட்டிக்குப் போகிறது என்பது ஜனங்களின் நம்பிக்கை; சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்கள் சுவாமியை ‘வட்டிகாசுலவாடு’ என்று உரிமையோடு அழைப்பதும் அதனால்தான். குடியிருந்த இடத்துக்கும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. மலை வராக சுவாமிக்கு உரியது. வாடகை கொடுக்க வகையில்லாத ஸ்ரீநிவாசன், தம்மைக் காண வருகிறவர்கள் முதலில் வராகரைத் தரிசிக்கட்டும், முதல் நைவேத்தியமும் அவருக்கே ஆகட்டும் என்று உடன்பட்டாராம். இன்றும் முறை தெரிந்த யாத்திரிகர்கள் புஷ்கரிணியில் நீராடி, கரையிலுள்ள வராகரைச் சேவித்த பிறகே பெரிய சந்நிதிக்குப் போகிறார்கள். கல்யாணச் செலவும் வீட்டு வாடகையும் ஒரு தெய்வத்தின் கதையில் இத்தனை பிரதானமாக இருப்பதை வேறெங்கும் காண்பது அரிது. கடன் வாங்கிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஆயுள் முழுதும் வட்டி கட்டிய நம் கிராமத்துக் குடும்பஸ்தன், இந்தச் சுவாமியைத் தன் வீட்டு மனிதராகவே பாவித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ராஜாக்களும் ராணிகளும் செய்த செலவுகளுக்குக் கல்லே சாட்சி. சாமவை என்னும் பல்லவ குலத்து அரசி வெள்ளியாலான போக ஸ்ரீநிவாச மூர்த்தியைச் செய்வித்து, நகைகளும் நிலமும் அளித்ததைச் சொல்லும் சாசனம் 966-ஆம் ஆண்டைச் சார்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் 1513-க்கும் 1521-க்கும் இடையில் ஏழு முறை மலைக்கு வந்தார். உதயகிரியை வென்று திரும்பிய 1514-ஆம் ஆண்டில் முப்பதாயிரம் பொற்காசுகளால் சுவாமிக்குக் கனகாபிஷேகம் செய்தார். தம் இரு தேவியரோடும் கைகூப்பி நிற்கும் அவருடைய உலோகப் பிரதிமையை யாத்திரிகர்கள் இன்றும் கோயில் வாசலில் காணலாம். திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள் கிடைத்திருக்கின்றன; அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ் மொழியில் உள்ளவை.

இந்தச் சாசனங்களை வெறும் தானப் பட்டியல் என்று தள்ளிவிடுவது சரியன்று. பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில் ஒருவர் கோயில் பண்டாரத்தில் பொன்னைச் செலுத்தினால், அந்தப் பொன்னைக் கொண்டு கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவார்கள். அதனால் பெருகிய விளைச்சலைக் கொண்டு அவர் பெயரால் நாள்தோறும் அமுதுபடி நடக்கும். அப்படி நிவேதனமான பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்ற பெயரில் கொடுத்தவருக்கே திரும்பிவரும். மலைமேல் தினந்தோறும் வந்து குவியும் அந்தப் பங்கைக் கொடுத்தவரே உண்டு தீர்க்க முடியாது. ஆகவே அவர் அதை வேறொரு தர்மத்துக்கு எழுதிவைப்பார், அல்லது விலைக்கு விடுவார். வழிநடந்து களைத்து வந்த ஏழை யாத்திரிகன் மலையில் ஒரு பிடி பிரசாதம் வாங்கிப் பசியாறினான் என்றால், அந்த உணவின் பின்னால் சந்திரகிரிச் சீமையில் எங்கோ ஒரு கிராமத்தில் வெட்டிய கால்வாயும், அதற்குப் பொன் கொடுத்த ஒரு நாயக்கரோ செட்டியாரோ ஜீயரோ இருந்தார்கள். சந்திரகிரியிலிருந்து ஆட்சி தொடங்கிப் பிறகு விஜயநகர சிம்மாசனத்தையே அடைந்த சாளுவ நரசிம்மர், மலையிலும் கீழேயும் இராமாநுஜ கூடங்களை அமைத்து, அவற்றைக் கந்தாடை இராமாநுச ஐயங்காரின் பொறுப்பில் விட்டு, வருகிறவர்களுக்குச் சோறிட ஏற்பாடு செய்ததும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அந்தக் கூடத்தில் உண்ட யாத்திரிகன் யார், எந்த ஊரிலிருந்து வந்தான், வழியில் என்ன செலவழித்தான் என்பதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

அவனுடைய செலவுகளை ஒருவாறு ஊகித்தறிய வழியைத்தான் பார்க்கவேண்டும். சென்னைப் பட்டணத்திலிருந்து திருப்பதிக்கு ஏறக்குறைய எண்பத்தைந்து மைல். மாட்டுவண்டி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் போகாது. ஆகப் போவதற்கு ஒரு வாரம், வருவதற்கு ஒரு வாரம், அங்கே தங்குவதற்குச் சில தினங்கள். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று ஒரு வழி. நாகலாபுரம், நாராயணவனம் என்று இன்னொரு வழி. தெற்கேயும் மேற்கேயும் இருந்து வந்தவர்கள் வேலூரையோ பலமனேரியையோ கடந்து சித்தூரில் வந்து சேர்ந்து, பாகாலை, சந்திரகிரி வழியாகப் போனார்கள். வழியெங்கும் சத்திரங்கள் இருந்ததனால் தங்குவதற்குக் காசு வேண்டியதில்லை. அரிசியும் புளியும் மிளகாயும் வீட்டிலிருந்தே மூட்டை கட்டி வந்ததனால் சாப்பாட்டுச் செலவும் சொற்பம். மாட்டுக்குத் தீனி, வண்டி அச்சு முறிந்தால் தச்சனுக்குக் கூலி, ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையில் காத்திருக்கும் நாட்களின் செலவு ஆகியவற்றை முன்கூட்டி எவராலும் கணிக்க முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பட்டியலில் காவற்பணமும் சேர்ந்திருந்தது. சித்தூர்ப் பாளையங்கள் என்று பெயர்பெற்ற காட்டுப் பகுதிகளில் பாளையக்காரர்களே வழிக்குக் காவல். காவலுக்கு உரிய பணம் கொடுத்தால் வழி பத்திரம், கொடுக்காவிட்டால் காவலுக்கும் கொள்ளைக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகச் சீமையைத் தம் வசப்படுத்திய கிழக்கிந்தியக் கம்பெனியார் 1804, 1805 ஆண்டுகளில் அந்தப் பாளையக்காரர்களின் கலகத்தை அடக்கிய பிறகு, யாத்திரிகன் பையிலிருந்து அந்தச் செலவு ஒழிந்தது.

நாணயத் தொல்லை அதற்கப்பாலும் நீடித்தது. கம்பெனிக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு நாற்பத்திரண்டு பணம். ஒரு பணத்துக்கு எண்பது காசு. ஆனால் மைசூர்ச் சீமையிலிருந்து வருகிறவன் கொண்டுவந்த பணம் வேறு, கடப்பைப் பக்கத்திலிருந்து வருகிறவன் கொண்டுவந்தது வேறு. வட்டம் கொடுத்து மாற்றிக்கொள்ளும்போது சராப்புக்கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் தொகை சில சமயம் ஒருநாள் உணவுச் செலவுக்குச் சமானமாக இருந்திருக்கும். 1818-இல் சென்னை ராஜதானியில் ரூபாயே பிரதான நாணயமாகி, நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் என்று விகிதம் நிச்சயமானதும் இந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது. வேங்கடவனுடைய உருவமே நாணயங்களில் உலாவிய தேசம் இது என்பதும் நினைவுகூரத் தக்கது: சந்திரகிரியிலிருந்து அரசாண்ட வேங்கடபதி ராயர் காலத்து வராகனில் சுவாமி நின்றார், கிறிஸ்துவ வியாபாரிகளான கம்பெனியாரும், ஜனங்கள் நம்பி வாங்கவேண்டுமே என்பதற்காக, இரு தேவியரோடு கூடிய சுவாமியைப் பொறித்து வராகன் அடித்தார்கள்.

யாத்திரிகர் ஒருவர் தம் பிரயாணத்தை நாள்தோறும் எழுதிவைத்த அபூர்வமான உதாரணம் ஒன்று நமக்கு உண்டு. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக உயர்ந்த உத்தியோகம் வகித்த ஏனுகுல வீராசாமி, 1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, முதலில் திருப்பதியைத் தரிசித்து, கடப்பை, ஹைதராபாத், நாகபுரி வழியாக வடக்கே சென்று, 1831 செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பினார். தண்ணீர் நல்லதா, சத்திரம் உண்டா, சாமான் கிடைக்குமா, வழி எப்படி என்று அவர் ஊர்தோறும் குறித்த விவரங்கள் 1838-இல் ‘காசி யாத்ர சரித்ர’ என்று தெலுங்கில் அச்சாகி வெளிவந்தன. பின்னால் வருகிறவனுக்கு உபயோகமாக இருக்கவேண்டும் என்ற அந்த நோக்கத்தில், பேடெக்கருக்கு அவர் சிறிதும் இளைத்தவரல்லர். ஆனால் அவர் பிரபு. பல்லக்கும் கூடாரமும் ஆட்களும் வைத்துக்கொண்டு போனவர். அவருடைய நூலிலிருந்து நடந்து போனவனின் கணக்கை முழுவதும் அறிந்துகொள்ள முடியாது.

மலையடிவாரத்திலுள்ள அலிபிரியை அடைந்த பிறகு வழிச்செலவின் தன்மையே மாறிவிடும். ஏறமுடியாத முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டோலி. அதைச் சுமக்கும் ஆட்களுக்குக் கூலி. முழங்காலை முறிக்கும் அந்தச் செங்குத்துப் படிகளில் மனிதனை மனிதன் சுமந்த கூலியைப் பேரம் பேசிக் குறைத்தவர்களும் ‘கோவிந்தா’ என்று சொல்லிக்கொண்டுதான் குறைத்தார்கள். மேலே போனால் முடி இறக்கும் செலவு. ஒரு தலையில் ஒரு கீற்றை மழித்துவிட்டு, ‘இது நம்முடைய தலை’ என்று அடையாளம் வைத்துவிட்டு அடுத்த தலைக்குத் தாவிய நாவிதர்களைப் பற்றிய கதையை அறியாத தமிழர் இல்லை. எடுத்த காரியத்தை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடங்குகிறவர்களுக்கு அவர்களையே உவமை சொல்வார்கள். பெருங்கூட்டத்தில் கூலிக்கு நடந்த போட்டியின் சித்திரமாகத்தான் எனக்கு அந்தக் கதை படுகிறது.

அதற்கும் மேலே அபிஷேகம், வஸ்திரம், நைவேத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆர்ஜிதக் கட்டணம். நவாபின் காலத்திலேயே இந்த வருமானம் சர்க்கார் வருமானங்களில் ஒன்றாக எண்ணப்பட்டு வந்தது. கம்பெனியார் அந்த உரிமையைத் தாமும் விடாமல் பிடித்துக்கொண்டு, சித்தூரிலிருந்த கலெக்டரின் மேற்பார்வையில் கோயிலை நடத்தினார்கள். 1821-இல் ஏற்பட்ட புரூஸ் துரையின் சட்டத் தொகுப்பு, நிர்வாகத்தையும் கோயில் ஊழியர்களின் கடமைகளையும் விதிகளாக வகுத்தது. கோயிற் செலவு போக மிஞ்சிய காணிக்கை கம்பெனியின் கஜானாவுக்குப் போயிற்று. மஞ்சள் துணியில் முடிந்த காசு குபேரனுக்குப் போவதாக நம்பிய கிழவிக்கு, அதில் ஒரு பங்கு லண்டன் லீடன்ஹால் வீதியிலிருந்த பங்குதாரர்களின் லாபத்தில் சேர்ந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. விக்கிரக ஆராதனையால் கிறிஸ்துவ சர்க்கார் வருமானம் பெறுவதா என்று இங்கிலாந்தில் பாதிரிமார்கள் கண்டனக் குரல் எழுப்பியதன் பேரில், 1843-இல் கோயில் நிர்வாகம் ஹாதீராம்ஜி மடத்து மஹந்து சேவாதாஸிடம் ஒப்படைக்கப்பட்டது. மஹந்துக்களின் காலம் தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. 1933-இல் சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தின்கீழ் தேவஸ்தானக் கமிட்டி ஏற்பட்டது.

வழிச்செலவுக்கே வழியில்லாதவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி கணக்காகவே நின்றுவிடும். புரட்டாசி மாதம் பிறந்ததும், சனிக்கிழமைகளில், நெற்றியில் திருமண் துலங்க, மஞ்சள் ஆடை உடுத்து, நாமமிட்ட பித்தளைச் செம்பைக் கையில் ஏந்திக்கொண்டு, ‘வேங்கடரமணா, கோவிந்தா’ என்று தெருத்தெருவாகப் போய் அரிசியும் காசும் வாங்கும் வழக்கம் தொண்டை மண்டலத்திலும் சித்தூர் ஜில்லாவிலும் வெகுநாளாக நிலைத்திருக்கிறது. யாசிக்கிறவர் ஏழையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஊரில் பத்து ஏக்கர் நன்செய் உடைய மிராசுதாரர், குழந்தை பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டதன் பேரில், தம்மிடம் கைகட்டி நிற்கும் குடியானவன் வாசலிலேயே போய்ச் செம்பை நீட்டுவார்; அந்தக் குடியானவன் வீட்டம்மாள் ஒரு படி அரிசியை இரண்டு கையாலும் எடுத்துப் போட்டு, அவர் காலில் விழுவாள். அன்று அவர் மிராசுதாரர் அல்லர், கோவிந்தனுடைய அடியார். அகங்காரம் கழியவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விரதம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது மெய்தான். கணக்கறிந்தவன் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: ஊரில் நூறு வீடுகள் ஒவ்வொரு பிடி அரிசியும் ஒவ்வொரு தம்பிடியும் கொடுத்து ஒரு குடும்பத்தை அனுப்பிவைக்கின்றன, அடுத்த வருஷம் இன்னொரு குடும்பம் புறப்படுகிறது. போக முடியாதவர்களும் தங்கள் காசைப் போகிறவர் கையில் கொடுத்து, ‘எங்கள் பேரைச் சொல்லி உண்டியலில் போட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். பிரயாணச் செலவை ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்ட ஏற்பாட்டை மஞ்சள் துணிக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணவேண்டும். நடந்தே போகிறவர்களுக்கு வழிநெடுகிலும் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் அன்னமும் அளித்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால்நடையாகவே புறப்பட்டுவிட்டால், முடிச்சிலுள்ள காணிக்கை அப்படியே குலையாமல் மலைக்குப் போய்ச் சேரும். வழிச்செலவு என்ற தலைப்பே பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

ரயில் வந்தது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாக வடமேற்கே போன பாதை 1871-இல் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. பட்டணத்து யாத்திரிகன் ரேணிகுண்டாவில் இறங்கி, ஆறேழு மைல் வண்டியில் போனால் போதும் என்று ஆயிற்று. 1890-களின் தொடக்கத்தில் விழுப்புரம், காட்பாடி, சித்தூர், பாகாலை வழியாகத் தென்னிந்திய ரயில்வேயின் குறுகிய பாதை திருப்பதிக்கே வந்துவிட்டது. தஞ்சாவூர்க்காரரும் திருச்சிராப்பள்ளிக்காரரும் இரண்டு நாளில் மலையடிவாரத்தில் நின்றார்கள். இந்த மாறுதலால் செலவு குறைந்ததா, கூடியதா? டிக்கெட்டுக்குக் கையில் ரொக்கமாகப் பணம் வேண்டும். சொந்த வண்டியும் சொந்த மாடும் சொந்த அரிசியுமாகப் போனபோது அவ்வளவு ரொக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் மூன்று வாரம் நிலத்தையும் தொழிலையும் விட்டுப் போயிருந்தவன் நாலைந்து தினங்களில் திரும்பிவிட்டான். ஆயுளில் ஒருமுறை என்றிருந்த யாத்திரை, முதல் மொட்டைக்கு ஒருமுறை, கல்யாணமான பின் ஒருமுறை, காது குத்த ஒருமுறை என்று பெருகிற்று. ஒரு யாத்திரையின் செலவு குறைந்து, ஒரு குடும்பத்தின் ஆயுட்கால யாத்திரைச் செலவு கூடியது என்பதே என் அபிப்பிராயம். 1944-இல் மலைப்பாதை போட்டு மோட்டார் வண்டிகள் மேலே ஏறத் தொடங்கியதும் டோலிக் கூலியும் பட்டியலிலிருந்து ஏறக்குறைய நீங்கிவிட்டது.

திரும்பி வந்த பின்னும் ஒரு செலவு காத்திருந்தது. மலைக்குப் போய் வந்தவர் வீட்டில் சமாராதனை நடத்தவேண்டும். பிச்சையிட்ட வீடுகளுக்கெல்லாம் பிரசாதம் கொடுக்கவேண்டும். சிலர் காணிக்கைக்குச் சமமான தொகையை அதிலேயே செலவழித்துக் கடன்பட்டார்கள். சுவாமியே கடன்பட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இக்காலத்துக் கணக்குக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானத்தினால் மலையில் சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம். அந்த அன்னசாலைக்கு, தரிகொண்டா கிராமத்தில் பிறந்த பக்தை வெங்கமாம்பாவின் பெயரை இட்டிருப்பது மிகப் பொருத்தம். முடி இறக்கவும் கட்டணமில்லை. தரிசனம் முடிந்தவருக்கு ஒரு லட்டு இலவசம். அதற்கு மேல் வேண்டுமானால் ஐம்பது ரூபாய். முந்நூறு ரூபாய் கொடுத்தால் சீக்கிரம் தரிசனம். கொடுக்காவிட்டால் வரிசையில் காத்திருக்கவேண்டும். ஆக, பழைய யாத்திரிகன் வழியில் செலவழித்த காலத்தை இக்காலத்து யாத்திரிகன் கோயில் வாசலில் செலவழிக்கிறான். காலத்துக்கு விலை வைத்து விற்கும் முறை சந்நிதிக்கே வந்துவிட்டது. இதை நான் அபிவிருத்தி என்று சொல்லத் தயாராக இல்லை. இப்பொழுது புறப்படுகிற குடும்பம் முதலில் எழுதுவது ரயில் டிக்கெட்டும் அறை வாடகையும் தரிசன டிக்கெட்டுமாகும். காணிக்கை கடைசி வரியில், மிஞ்சிய சில்லறையில் வருகிறது. பாரீஸுக்குப் போகிறவன் போடும் பட்டியலும் திருப்பதிக்குப் போகிறவன் போடும் பட்டியலும் இன்று ஒரே அச்சில் வார்த்தவையாகிவிட்டன.

அரசர்களின் செலவைக் கல் காப்பாற்றியது. கம்பெனியின் வருமானத்தைச் சர்க்கார் தஸ்தாவேஜுகள் காப்பாற்றின. தேவஸ்தானத்தின் வரவுசெலவு ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகிறது. நம் பாட்டனாரும் பாட்டியாரும் செய்த யாத்திரையின் கணக்கு மட்டும், பழைய பற்றுவரவு நோட்டுகளிலும் பஞ்சாங்கத்தின் ஓரங்களிலும் பென்சிலால் எழுதியபடி மங்கிக்கொண்டிருக்கிறது: ‘வண்டிக் கூலி இவ்வளவு, டோலி இவ்வளவு, நாவிதர் இவ்வளவு, உண்டியல் இவ்வளவு’ என்று. வீட்டைச் சுத்தம் செய்யும்போது அப்படிப்பட்ட நோட்டு ஒன்று கையில் அகப்பட்டால், பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு பிரதி எடுத்து, எந்த வருஷம், எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர் போனார்கள் என்பதையும் தெரிந்தவரைக்கும் மேலே எழுதி, திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழக நூலகத்துக்கோ, உங்கள் ஊர் நூலகத்துக்கோ கொடுத்துவையுங்கள்.